இணையத்தில் டொலர் உழைக்கலாமா? வலைப்பதிவும் தரகு இணைப்பும் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

"கைத்தொலைபேசி மட்டும் போதும், வீட்டிலிருந்தே டொலரில் உழையுங்கள்." முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் இந்த வரியைக் காணாதவர்கள் இப்போது வடக்கு கிழக்கில் குறைவு. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் அந்த ஆண்டு மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. வெளிநாட்டிலிருந்து 100 டொலர் வந்த வீட்டுக்கும் வராத வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த மாதங்களில் எல்லோரும் கண்டோம். அதன் பிறகுதான் இந்த விளம்பரங்கள் இவ்வளவு பெருகின. வேலை கிடைக்காத பட்டதாரி, குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண், காயத்தால் கூலி வேலைக்குப் போக முடியாதவர் ஆகியோரைத்தான் இவை குறிவைக்கின்றன.

விளம்பரம் சொல்லும் தொழில் பொய்யல்ல. சொல்லப்படும் வேகமும் தொகையும்தான் பொய். இணையத்துக்கு எழுதிச் சீவிப்பவன் என்பதால் இதுபற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் அதிகம். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னவற்றை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

தரகர் வேலைதான்

ஊரில் மாடு விற்றாலும் காணி விற்றாலும் நடுவில் ஒரு தரகர் நிற்பார். பொருளும் அவருடையதல்ல, பணமும் அவருடையதல்ல. வாங்குபவரை விற்பவரிடம் கூட்டிச் சென்றதற்கு அவருக்கு ஒரு வீதம் கிடைக்கும். அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்று பெரிய பெயரில் சொல்லப்படுவதும் இதுதான். நீங்கள் உங்கள் வலைப்பதிவில் ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறீர்கள். கடைக்குப் போகும் லிங்கில் உங்களுக்கென்று ஒரு குறியீடு இருக்கும். வாசகர் அதனூடாகப் போய் வாங்கினால் கடை உங்களுக்குத் தரகு தரும். வாசகருக்கு விலை கூடாது.

இதைப் பரவலாக்கியது 1996இல் அமேசன் தொடங்கிய திட்டம். அதன்படி வாசகர் லிங்கை அழுத்திய 24 மணி நேரத்துக்குள் பொருளைக் கூடைக்குள் போட வேண்டும். அதற்குப் பிறகு அவர் தானாகவே போய் வாங்கினால் உங்களுக்கு ஒன்றும் இல்லை. ஒரு சிறிய துறையை மட்டும் எடுத்து, அதை விட்டு விலகாமல் எழுதுவதைத்தான் 'நிஷ்' என்கிறார்கள். எல்லாவற்றையும் பற்றி எழுதும் தளத்தை விட, தையல் இயந்திரம் பற்றி மட்டுமே எழுதும் தளத்தை வாங்க நினைப்பவர் நம்புவார்.

இந்த முறையில் உச்சம் தொட்ட தளங்களும் உண்டு. பிரையன் லாம் என்ற பத்திரிகையாளர் 2011இல் தொடங்கிய வயர்கட்டர் தளம் பொருட்களை வாங்கிச் சோதித்து, எது நல்லது என்று எழுதியது. 2016இல் நியூயோர்க் டைம்ஸ் அதை ஏறத்தாழ 30 மில்லியன் டொலருக்கு வாங்கியது. வகுப்பு நடத்துபவர்கள் இந்த மாதிரிக் கதைகளைச் சொல்வார்கள். அந்தத் தளத்தில் ஒரு கட்டுரைக்குப் பின்னால் பல வார உழைப்பு இருந்ததைச் சொல்வதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். உங்கள் கட்டுரையை 1,000 பேர் வாசிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 பேர் லிங்கை அழுத்தி, அவர்களில் ஐந்து பேர் 40 டொலர் பொருளை வாங்குகிறார்கள். தரகு 3 வீதம் என்றால் ஒரு பொருளுக்கு 1.20 டொலர், மொத்தம் 6 டொலர். மாதம் 100 டொலர் எடுக்க ஏறத்தாழ 17,000 வாசகர்கள் வேண்டும். அதுவும் வாங்கும் எண்ணத்தோடு வருகிற வாசகர்கள். வேடிக்கை பார்க்க வருபவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

3 வீதத்தை நான் சும்மா எடுக்கவில்லை. 2020 ஏப்ரலில், உலகமே கொரோனாவில் முடங்கியிருந்தபோது, அமேசன் தளபாடங்களுக்கும் வீட்டுப் பொருட்களுக்கும் கொடுத்துவந்த 8 வீதத்தை 3 வீதமாகக் குறைத்தது. மளிகைப் பொருட்களுக்கு 5 வீதம் 1 வீதமானது. அதை நம்பியிருந்தவர்களின் வருமானம் ஒரே அறிவிப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. தரகர் பேரம் பேச முடியாத தரகு இது.

அடுத்த ஆபத்து கூகுள். வாசகர்களில் பெரும்பகுதியினர் தேடல் வழியாகத்தான் வருவார்கள். 2023 செப்டெம்பரிலும் 2024 மார்ச்சிலும் கூகுள் தன் தேடல் முறையில் செய்த மாற்றங்களால் பல சிறு தளங்கள் வாசகர்களை இழந்தன. காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகளைத் தாங்களே சோதித்து எழுதிவந்த ஹவுஸ்ஃபிரெஷ் என்ற சிறு தளம், கூகுள் வழியாக வந்த வாசகர்களில் 91 வீதத்தை இழந்துவிட்டதாக 2024இல் வெளிப்படையாக எழுதியது. ஒழுங்காக வேலை செய்தவர்களுக்கே இந்த நிலை. இப்போது தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு பதிலைத் தந்துவிடுவதால், லிங்கை அழுத்தாமலே திரும்பிப் போகிறவர்களும் உண்டு. அதே செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரு நாளில் நூறு கட்டுரை 'அடித்து' ஏற்றச் சொல்லும் வகுப்புகளும் நடக்கின்றன. அப்படித் தொகையாகக் குவிக்கும் பக்கங்களை 2024 மார்ச்சிலிருந்து கூகுள் விதிமீறலாகவே நடத்துகிறது.

தமிழில் எழுதினால்?

தமிழ் வலைப்பதிவுகளுக்கு இரண்டு தசாப்த வரலாறு உண்டு. தமிழ்மணம் திரட்டி 2004இல் தொடங்கியபோது ஈழத்திலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் எத்தனையோ பேர் எழுதினார்கள். ஒருவரும் அதில் பணம் பார்க்கவில்லை, பார்க்க வழியும் இருக்கவில்லை. கூகுளின் அட்சென்ஸ் விளம்பரத் திட்டம் தமிழ் மொழியை ஏற்றுக்கொண்டது 2018 பெப்ரவரியில்தான். இப்போது தமிழ்ப் பக்கத்தில் விளம்பரம் போடலாம். ஆனால் விளம்பரதாரர்களுக்கு இடையிலான ஏலத்தில்தான் விலை தீர்மானமாகிறது என்பதால், அதே அளவு வாசகர்களுக்கு ஆங்கிலப் பக்கம் தருவதைத் தமிழ்ப் பக்கம் தராது.

அமேசனுக்கு இலங்கையில் கடை இல்லை. உள்ளூரில் டராஸ் நிறுவனத்துக்கு அஃபிலியேட் திட்டம் இருக்கிறது. நம் வாசகர்களில் கையில் பணம் உள்ளவர்கள் கனடாவிலும் இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். அமேசன் திட்டம் நாட்டுக்கு நாடு வேறு. கனடா வாசகருக்கு அமெரிக்கக் கடையின் லிங்கைக் கொடுத்துப் பயனில்லை.

இங்கே நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. "சித்தி, என்ர லிங்கில போய் வாங்குங்கோ" என்று ரொறன்ரோவில் இருக்கும் சொந்தத்திடம் கேட்பது அமேசன் ஒப்பந்தப்படி தடை. நீங்கள் உங்களுக்காக வாங்குவதும் தடை. அட்சென்ஸிலும் அப்படித்தான். நண்பர்களைக் கொண்டு விளம்பரத்தை அழுத்தவைத்தால் கணக்கு மூடப்படும், சேர்ந்த பணமும் போகும். நம் சமூகத்தில் எந்தத் தொழிலும் சொந்தபந்தத்தின் ஆதரவோடுதான் தொடங்கும். இதில் அது செல்லாது.

அப்படியானால் நம்மிடம் என்ன இருக்கிறது? இங்கே இருப்பவருக்கு மட்டுமே தெரிந்த விடயங்கள் இருக்கின்றன. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான கப்பல் 2023 ஒக்ரோபரில் ஆரம்பித்துச் சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. காலநிலை கெட்டால் சேவை நிற்கும். பலாலிக்கு 2022 டிசம்பரில் மீண்டும் சென்னை விமானம் வந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு வர நினைக்கும் ஒருவர், துறைமுகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எப்படிப் போவது, நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று தேடுகிறார். அதை லண்டனில் இருந்துகொண்டு ஒருவர் சரியாக எழுத முடியாது. காங்கேசன்துறையில் இருப்பவர் எழுதலாம், மாறும்போது திருத்தலாம். தங்குமிட முன்பதிவுத் தளங்களுக்கும் தரகுத் திட்டம் உண்டு. ஆனால் விருந்தினர் வந்து தங்கிய பிறகுதான் தரகு கணக்கில் ஏறும்.

ஒடியல் கூழுக்கு வெளிநாட்டில் என்ன பாத்திரம், என்ன மாற்றுப் பொருள் என்பது இன்னொரு துறை. செயற்கைக் காலோடு வெயிலில் நடப்பது, சேற்று வயலில் இறங்குவது, உறையைக் கழுவிக் காயவைப்பது பற்றி வன்னியில் இருப்பவர்களுக்கு இருக்கும் அனுபவ அறிவு ஆங்கிலத்தில் மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. வலியை விற்கச் சொல்லவில்லை. அன்றாடம் பழகிய அறிவைத்தான் சொல்கிறேன்.

விற்கக்கூடாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வறிய குடும்பத்தின் வீட்டுக்குள் கமராவோடு நுழைந்து, அழவைத்து, உதவி என்ற பெயரில் யூரியூப்பில் போட்டுப் பார்வைகளை எண்ணுவதும் இன்று ஒரு 'நிஷ்' ஆகிவிட்டது. அந்தத் தாயின் முகமும் பிள்ளையின் பெயரும் இணையத்தில் நிரந்தரமாகக் கிடக்கும். அதில் வரும் டொலரில் அவர்களுக்கு என்ன பங்கு என்று கேட்டால் பதில் வராது. ஊடகம் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் இரண்டு கருத்து இல்லை.

கடதாசி வேலை

எழுதுவதை விடச் சிலருக்குக் கடினமாக இருப்பது பணம் கைக்கு வரும் வழி. அட்சென்ஸில் 10 டொலர் சேர்ந்ததும் உங்கள் முகவரிக்குத் தபாலில் ஒரு இரகசிய எண்ணை அனுப்புவார்கள். முதல் எண் அனுப்பப்பட்டு நான்கு மாதத்துக்குள் அதைப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் விளம்பரம் நிறுத்தப்படும். மீள்குடியேறிய கிராமங்களில் வீட்டிலக்கம் இல்லாத முகவரிகள் பல. ஆகவே தபாற்காரர் உங்களைக் கண்டுபிடிக்கும் விதத்தில் முகவரியை எழுதுங்கள். தேவையானால் தபாலகத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 100 டொலர் சேர்ந்த பிறகே பணம் வங்கிக்கு வரும்.

பெயரின் எழுத்துக்கூட்டல் இன்னொரு சிக்கல். இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்துப் பின்னர் புதிதாக எடுத்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்தும் வங்கிப் புத்தகத்தில் இன்னொரு எழுத்தும் இருப்பது சாதாரணம். பழைய தேசிய அடையாள அட்டையில் ஆங்கிலப் பெயரே இல்லை. கணக்குத் தொடங்க முன்னர் வங்கியில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து, எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள்.

பேபால் மூலம் இலங்கையிலிருந்து பணம் கட்ட முடிந்தாலும் பெற முடியாத நிலைதான் பல ஆண்டுகளாக இருந்துவந்தது. "என்ர பேபாலுக்கு எடுத்துத் தாறன்" என்று இடையில் நிற்பவர்களிடம் ஏமாந்தவர்கள் உண்டு. பயோனியர் போன்ற சேவைகள் இங்கே உங்கள் சொந்தப் பெயரிலேயே கிடைக்கின்றன. அமேசன் தரகு, விற்பனை நடந்த மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாட்களுக்குப் பிறகே வரும். வரியும் உண்டு. வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு இருந்த விலக்கு 2025 ஏப்ரலில் முடிந்து, வங்கி வழியாக அந்நியச் செலாவணியில் வருவதற்கு உச்சமாக 15 வீதம் என்றாகியது. வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் விலக்கு இருப்பதால் ஆரம்பத்தில் கட்ட வேண்டி வராது. வரவுகளின் பதிவை மட்டும் வைத்திருங்கள்.

சங்கிலியை அடகு வைக்கலாமா?

கிளிநொச்சியில் ஒரு அக்கா கேட்ட கேள்வி இது. 40,000 ரூபா வகுப்பு ஒன்றுக்குக் கட்ட, சங்கிலியை அடகு வைப்பதா, நுண்கடன் எடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் அதே வகுப்புக்கு ஆள் சேர்ப்பது எப்படி என்பதுதான். விற்கப்படும் பொருள் வகுப்பேதான்.

உண்மையான அஃபிலியேட் திட்டம் எதுவும் சேருவதற்குக் காசு கேட்பதில்லை. ஆளைச் சேர்த்தால் பணம் என்றால் அது பிரமிட் திட்டம், இலங்கையின் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் குற்றம். நடத்துபவர் மட்டுமல்ல, அதற்கு ஆள் சேர்ப்பவரும் மாட்டுவார். டெலிகிராமில் 'லைக்' போட்டால் பணம் என்று முதலில் சில நூறு ரூபா அனுப்பி, பிறகு வைப்புக் கேட்பதும் இதற்குப் பக்கத்து வீட்டு மோசடிதான்.

"அப்ப நான் எங்க போய்ப் படிக்கிறது, தம்பி?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. கூகுளும் அமேசனும் தங்கள் விதிகளையும் வழிகாட்டிகளையும் இலவசமாகவே வைத்திருக்கின்றன. புளொக்கரில் தளம் தொடங்கச் செலவில்லை. முதல் ஆறு மாதத்துக்கு வருமானம் பூச்சியம் என்று எழுதிவைத்துவிட்டு, இருக்கும் வேலையை விடாமல், வாரம் ஒரு நல்ல கட்டுரை எழுதலாம். தரகு லிங்க் இருக்கும் பக்கத்தில் 'இதில் வாங்கினால் எனக்குத் தரகு கிடைக்கும்' என்று வாசகருக்குத் தெரியும்படி எழுத வேண்டும். அது அமேசன் விதியும்கூட.

அமேசனில் அவசரப்பட்டு விண்ணப்பிக்க வேண்டாம். சேர்ந்த 180 நாட்களுக்குள் தகுதியான மூன்று விற்பனைகள் நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். இருபது, முப்பது கட்டுரைகள் ஏறி, தேடல் வழியாக அன்றாடம் ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு விண்ணப்பித்தால் போதும்.