குப்பைமேட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனை: செவிலியர் எட்னா ஆதன்

அகழ்ப்போரில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, மதீனாப் பள்ளிவாசலில் இருந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். இந்தச் செய்தியை நாம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் நம் வீட்டுப் பெண் பிள்ளை நர்ஸிங் படிக்க ஆசைப்பட்டால், "இரவுப் பணியெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று சொல்லிவிடுகிறோம். அதே நாம்தான், பிரசவம் என்று மருத்துவமனைக்குப் போகும்போது, உள்ளே பெண்கள்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்!

உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் சுமார் 2 கோடியே 98 லட்சம் செவிலியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் 78 சதவீதம் பேர் பணிபுரியும் நாடுகளில், உலக மக்கள்தொகையில் பாதிப் பேர்தான் வாழ்கிறார்கள். மீதிப் பாதி உலகத்துக்கு, மிச்சமிருக்கும் செவிலியர்கள்தான். அந்தப் பற்றாக்குறை மிகுந்த பகுதிகளில் ஒன்று சோமாலிலாந்து. அங்கே ஒரு முஸ்லிம் செவிலியர் செய்த வேலையை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

எட்னா ஆதன் இஸ்மாயில் 1937இல் ஹர்கெய்ஸாவில் பிறந்தார். தந்தை மருத்துவத் துறையில் இருந்தவர். சிறுமியாக இருந்தபோதே அவருடன் மருத்துவமனைக்குப் போய், சின்னச் சின்ன உதவிகள் செய்து பழகினார் எட்னா. அன்றைய பிரிட்டிஷ் சோமாலிலாந்தில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஜிபூட்டிக்குப் போய்ப் படித்தார். பிறகு உதவித்தொகை பெற்று பிரிட்டனில் செவிலியர் படிப்பும் பிரசவ மருத்துவமும் கற்றுத் தாயகம் திரும்பினார். ஒரு பெண்ணுக்கு எப்படி அரசுப் பதவி கொடுப்பது என்று அதிகாரிகள் தயங்க, பல மாதங்கள் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தார்.

பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தில் உயர்பொறுப்புகள் வகித்து, 1997இல் ஓய்வு பெற்றார். ஓய்வூதியத்தோடு ஐரோப்பாவில் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவர் திரும்பியதோ ஹர்கெய்ஸாவுக்கு. 1988இல் குண்டுவீச்சில் தரைமட்டமான நகரம் அது. 1991இல் சோமாலிலாந்து தன்னைத் தனிநாடாக அறிவித்துக்கொண்டாலும் உலக நாடுகள் அன்று அதை அங்கீகரித்திருக்கவில்லை. பெரிய நிதியுதவிகளுக்கும் வழியில்லை. செவிலியர்களில் பலர் போரில் இறந்துவிட்டார்கள், அல்லது அகதிகளாக வெளியேறிவிட்டார்கள்.

எட்னா தன் காரையும் நகைகளையும் விற்றார். சேமிப்பையும் ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து, குப்பை கொட்டப்பட்டு வந்த ஓர் இடத்தில் மருத்துவமனை கட்டத் தொடங்கினார். கட்டடத்தில் வேலை செய்யச் செவிலியர்கள் இல்லை என்பதால், சுவர் எழும்பும்போதே இளம்பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் பார்வையில், அவர் செய்ததிலேயே மிகச் சரியான முடிவு இதுதான். பணம் இருந்தால் கட்டடத்தை யாரும் கட்டிவிடலாம். 2002 மார்ச்சில் மருத்துவமனை திறக்கப்பட்டபோது, உள்ளே நிற்க ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

பயிற்சி பெற்ற ஒரு மருத்துவச்சி என்ன செய்துவிட முடியும்? கர்ப்பிணியின் இரத்த அழுத்தம் ஏறுவதைக் கவனித்து, வலிப்பு வருமுன் மருந்து கொடுக்கலாம். குழந்தை பிறந்தவுடன் ஆக்ஸிடோசின் ஊசி போட்டு உதிரப்போக்கைக் குறைக்கலாம். மூச்சு விடாத சிசுவுக்குக் காற்றுப்பையால் சுவாசம் ஏற்றலாம். குழந்தை இறங்காமல் நின்றுவிட்டால், நேரத்தை வீணாக்காமல் அறுவை சிகிச்சைக்கு அனுப்பலாம். மருத்துவர் இல்லாத ஊர்களில் தாயின் உயிருக்கும் மவுத்துக்கும் நடுவே அல்லாஹ்வின் நாட்டப்படி நிற்பது பெரும்பாலும் இந்த அறிவுதான். அதனால்தான் எட்னா, தொலைதூர ஊர்களிலிருந்து பெண்களை வரவழைத்துப் பயிற்றுவித்து, திரும்பவும் அந்த ஊர்களுக்கே அனுப்பினார். நகரத்துப் பெண்ணைப் பாலைவனக் கிராமத்தில் வேலைக்குப் போட்டால் எத்தனை நாள் தங்குவார்?

அவருடைய இன்னொரு போராட்டம் பேசுவதற்குச் சங்கடமானது, ஆனால் தவிர்க்கவும் முடியாதது. சோமாலிய சமூகத்தில் சிறுமிகளின் பிறப்புறுப்பை அறுத்துத் தைத்துவிடும் கொடிய வழக்கம் இருக்கிறது. எட்னாவும் எட்டு வயதில் அதற்கு ஆளானவர். தந்தை வெளியூர் போயிருந்த சமயத்தில் வீட்டுப் பெண்களே செய்துவிட்டார்கள். அந்தத் தழும்பு பிரசவத்தின்போது வழிவிடாமல் தாயையும் குழந்தையையும் ஆபத்தில் தள்ளுவதை, மருத்துவச்சியாகப் பின்னர் அவரே கண்ணால் கண்டார். 1976 முதல் பகிரங்கமாகப் பேசத் தொடங்கினார். இது மார்க்கம் கட்டளையிட்டது அல்ல, இஸ்லாத்துக்கும் முந்தைய பழக்கம் என்று ஒரு முஸ்லிம் பெண்ணாக நின்றே வாதிட்டார். 2018இல் சோமாலிலாந்தின் மார்க்க விவகார அமைச்சகம், இதன் மிகக் கொடிய வகைகளைத் தடைசெய்து ஃபத்வா வெளியிட்டது. வெளிநாட்டார் வந்து சொல்லியிருந்தால் இத்தனை தூரம் எடுபட்டிருக்குமா என்பது சந்தேகமே.

2003 முதல் 2006 வரை சோமாலிலாந்தின் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார். 2023இல் டெம்பிள்டன் பரிசு கிடைத்தது. அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்மணி அவர்தான். மருத்துவமனையோடு தொடங்கிய பயிற்சி வகுப்புகள் இன்று அவர் பெயரிலேயே ஒரு பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கின்றன. எண்பது வயதைக் கடந்த பிறகும் எட்னா குடியிருந்தது அந்த மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயேதான்.