அகராதியில் ஏறிய அநீதி

ஆங்கிலப் பாடவேளை. நாளேட்டை உரக்கப் படித்துக்கொண்டிருந்த மாணவன் ‘பரையா ஸ்டேட்’ என்னும் தொடரில் நின்று பொருள் கேட்டான். “உலக நாடுகள் ஒதுக்கிவைத்த நாடு” என்றேன். “நம் ஊர்ச் சொல்போல் ஒலிக்கிறதே, ஐயா?” என்றான். கேட்டவன் சேரியிலிருந்து வருபவன். மணி அடித்தது, நான் விடை கூறாமல் வெளியேறினேன். அந்தக் கோழைத்தனத்துக்குக் கழுவாயாக இதை எழுதுகிறேன்.

ஆம், தோழர்களே, அது தமிழ்ச் சொல்தான்! ‘பறை’ என்பதையே அதன் வேராக அகராதிகள் பலவும் காட்டுகின்றன. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அதுவே வழக்கு. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையைத் தொல்காப்பியம் எண்ணுகிறது. தெய்வத்தோடும் உணவோடும் ஒரே வரிசையில் வைத்துப் போற்றப்பட்ட கருவி அது. அதன் பெயர் தாங்கிய மக்களைத் தீட்டென்று ஊருக்கு வெளியே நிறுத்தியது எது? சாதி!

கடல் கடந்து வந்த ஐரோப்பியர் இந்தக் கொடுமையைக் கண்டனர்; சொல்லையும் கொண்டு சென்றனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது ஆங்கில நூலேறிற்று. அன்று அது ஒரு சமுதாயத்தின் பெயர். 1821இல் பாரிஸ் நகரில் கசிமிர் தெலவீன் ‘பரியா’ என்னும் துன்பியல் நாடகத்தை அரங்கேற்றினார். அந்த நூற்றாண்டிலேயே அச்சொல், ஒதுக்கப்பட்டோர் எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாக ஐரோப்பிய மொழிகளில் பரவிற்று. நாடகம் பார்த்தோர் இரங்கினர். சொல்லில் ஒட்டிய இழிவோ அப்படியே நின்றது.

இங்கே, இழிவைச் சுமந்தவர்கள் வாளாவிருந்தார்களா? இல்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்றே ஏட்டுக்குப் பெயரிட்டார். எதைச் சொல்லி இகழ்ந்தார்களோ, அதையே தலைப்பாக்கி நிமிர்ந்தார். 1922இல் எம்.சி. ராஜா, சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, அரசு ஆவணங்களில் ‘ஆதி திராவிடர்’ என்னும் பெயர் இடம்பெறச் செய்தார். ஒருவர் பெயரை ஏந்தினார். மற்றவர் பெயரை மாற்றினார். இருவரும் எதிர்த்த பகை ஒன்றே.

ஆயினும், ஆங்கில ஏடுகள் இன்றும் அச்சொல்லைக் கூசாமல் அச்சிடுகின்றன. அவர்களைக் கடிந்துகொள்ளுமுன் நம்மைப் பார்ப்போம். அந்தப் பொருளை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நம் ஊரும் சேரியும் அல்லவா! ஊரும் சேரியும் இரண்டாக நிற்கும்வரை, அகராதியை மட்டும் திருத்திப் பயனென்ன?

நாளை அதே வகுப்புக்குச் செல்கிறேன். இவ்வரலாறு முழுவதையும் அந்த மாணவனுக்குச் சொல்வேன். தலைகுனிய வேண்டியவன் அவனல்லன் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.