சாய்வு வெட்டும் உழைக்கும் கரமும்

புத்தளக் கரையில் நம் பெண்டிர் உடுத்தும் சேலை, வடிவுக்கென வெட்டப்படாத துணி. ஐரோப்பிய உடையோ நெடுங்காலம் உடலைக் கச்சையால் இறுக்கிற்று. 1912இல் பாரிசில் தையலகம் திறந்த மதலேன் வியொன்னே வேறு வழி கண்டார். பாவுக்கும் ஊடைக்கும் 45 பாகைச் சாய்வாக வெட்டிய துணி நெகிழும். உடலைத் தழுவி வீழும். 1920களில் அவருடைய மாலை விருந்து அங்கிகள் இந்நுட்பத்தால் புகழ்பெற்றன.

சிறுவயதிலேயே தையற்பணிக்குச் சென்றவர் அவர். தம் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் விடுமுறையும், பல் மருத்துவமும், குழந்தைக் காப்பகமும் அளித்தார். போலிகளைத் தடுக்கப் பெயர்ச்சீட்டில் தம் பெருவிரல் ரேகையைப் பதித்தார். ஊசி பிடித்த பெண்களின் ரேகையோ எங்கும் பதியவில்லை. 1939இல் அத்தையலகம் மூடப்பட்டது.

புத்தளக் கரைக்குத் தெற்கே, கட்டுநாயக்கவில் 1978இல் ஏற்றுமதி வலயம் திறந்தது. அங்கே நம் நாட்டுப் பெண்கள் உலகிற்கு உடை தைக்கின்றனர். அவ்வுடைகளில் எவர் பெயர் இருக்கிறது? அழகின் வரலாறு, அதைப் படைத்த கரங்களின் வரலாறாகவும் எழுதப்படுதல் வேண்டும்.