வலிக்கும் ஒரு வரலாறு உண்டு

"பெண்ணாய்ப் பிறந்தால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்!"

இந்த ஒரே வாக்கியம் எத்தனை பெண்களின் வாயை அடைத்திருக்கிறது! பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயக் காட்டில் களை பறிப்பவளுக்கும் இதுவே மருந்து. அரியலூர்ப் பக்கம் முந்திரிக் கொட்டை பொறுக்குபவளுக்கும் இதுவே மருந்து. பத்தாம் வகுப்பில் படிக்கும் சிறுமிக்கும் இதுவே மருந்து! மாதந்தோறும் இரண்டு மூன்று நாட்கள் சில பெண்களின் பெயருக்கு நேரே வருகைப் பதிவேட்டில் விழும் குறியை ஆசிரியர்களாகிய நாம் காண்கிறோம். காரணம் கேட்டால், "வயிற்று வலி" என்பார்கள். அதற்குமேல் ஒரு சொல் வராது. வரவிடாமல் செய்தது யார்?

மாதவிலக்கின்போது ஓரளவு வலி பலருக்கும் உண்டு. ஆனால் எழவே முடியாமல் சுருண்டு படுக்க வைக்கும் வலி, ஆண்டுக்கு ஆண்டு கூடும் வலி, மலம் கழிக்கையிலும் கணவனோடு கூடுகையிலும் குத்தும் வலி விதியன்று, நோயாக இருக்கலாம்! அந்நோய்களுள் ஒன்றுக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சூலகத்தின்மீதும், கருக்குழாயின்மீதும், குடலின்மீதும்கூடப் படர்கிறது. அவ்விடங்களில் அழற்சி உண்டாகிறது, தழும்பு விழுகிறது, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சூலகத்தில் பழங்குருதி தேங்கிக் கட்டியாவதும் உண்டு. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, உலகெங்கும் சுமார் 19 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதை அறிவுலகம் அறிந்தது எப்போது? 1860ஆம் ஆண்டு வியன்னா நகரத்து மருத்துவ அறிஞர் கார்ல் வான் ரோகிடான்ஸ்கி, இத்தகைய திசு இடம்மாறி வளர்வதை எழுதி வைத்தார். 1921இல் அமெரிக்காவின் ஜான் சாம்ப்சன், சூலகத்துக் கட்டிகளை ஆராய்ந்து வெளியிட்டார். மாதவிலக்குக் குருதியில் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கிச் சென்று வயிற்றறையில் விழுந்து வேர்கொள்கிறது என்று அவரே பின்னர் விளக்கம் தந்தார். அது முழு விடையன்று, ஆராய்ச்சி தொடர்கிறது. ஆயினும், "பாவத்தின் பலன்" என்ற பழங்கதையின் இடத்தில், "காரணம் என்ன?" என்ற கேள்வி வந்து அமர்ந்தது!

அந்நாளில் நம் நாட்டில் பெண்ணின் நிலை என்ன? உயிரே போனாலும் ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று திரைக்குள் கிடந்தனர் பலர். பெண்ணோ மருத்துவம் படிக்கக் கூடாது! தொடவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. இந்தப் பூட்டை உடைக்க 1875இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தனர். 1885இல் ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் பெண்களுக்கென்றே மருத்துவமனை எழுந்தது. "சாதிப் பெண்கள், கோஷாப் பெண்கள்" என்று அதன் பெயரிலேயே குறிக்க வேண்டியிருந்த காலம் அது! இன்று திருவல்லிக்கேணிப் பகுதியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக நிற்பது அதுவே. புதுக்கோட்டை முத்துலட்சுமி அம்மையார் 1907இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார்.

கதவு திறந்தது, வாய் திறந்ததா?

நம் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். சுமார் 12 கோடி ஆண்டு வயதாம்! அந்தக் கல்லின் கதையைக் கேட்டு வியக்கிறோம். கண்ணெதிரே துடிக்கும் பெண்ணின் கதையைக் கேட்டோமா? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டையை அடுத்த அணைக்காட்டில், பூப்பெய்தினாள் என்பதற்காகத் தனிக் குடிசையில் படுக்க வைக்கப்பட்ட சிறுமியின்மீது தென்னை சாய்ந்தது. அவளைக் கொன்றது புயல் மட்டுமா? தீட்டு என்னும் மடமைக்குப் பங்கில்லையா? குருதியைத் தீட்டென்று ஒதுக்கும் வீட்டில், அந்தக் குருதியோடு வரும் வலியை எந்தப் பெண் எடுத்துச் சொல்வாள்? அதனால்தான் நோய்க்குப் பெயர் தெரியவே பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

முற்றாக ஒழிக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அடக்கும் வழிகள் உண்டு. அழற்சியைத் தணிக்கும் வலி மாத்திரைகள் உண்டு. அவை போதாதபோது, திசுவின் வளர்ச்சியைத் தடுக்கும் ஹார்மோன் மாத்திரைகள் உண்டு. அவற்றைக் கருத்தடை மாத்திரை என்றெண்ணி வெட்கப்படுவது வீண். தேவையானால், சிறு துளையிட்டுக் கருவி செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சையும் உண்டு. எதைத் தேர்வது என்பது வயது, நோயின் நிலை, பிள்ளை வேண்டுமா என்ற விருப்பம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாததாலேயே நோயில்லை என்றாகிவிடாது. அறுவை செய்து பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும் என்றிருந்த நிலையும் மாறிவிட்டது. அறிகுறிகளைக் கேட்டறிந்தே மருந்தைத் தொடங்கலாம் என்கிறது 2022இல் வந்த ஐரோப்பிய நெறிமுறை. 160 ஆண்டு ஆராய்ச்சி எங்கே வந்து நிற்கிறது, பாருங்கள்: பெண் சொல்வதைக் காதுகொடுத்துக் கேள் என்ற இடத்தில்!

"கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், ஒரு பிள்ளை பெற்றால் தீர்ந்துவிடும்" என்கிறார்களே, அது மருத்துவமன்று. மகப்பேறு இந்நோய்க்கு மருந்தாகாது. இந்நோயால் கருவுறுவதே தடைப்படலாம். அப்போது அதே வாய்கள் "மலடி" என்று தூற்றும்! வலிக்குத் தீர்வென்று திருமணம், திருமணத்தின் பயனாகப் பழி, இதுதானா நீதி?

தோழர்களே! மணமேடையில் சமத்துவம் பேசினால் போதாது. தங்கைக்கும் துணைவிக்கும் ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுங்கள். வலி வந்த நாள், அதன் அளவு, தடைப்பட்ட வேலை ஆகியவற்றை மூன்று மாதம் எழுதட்டும். அதை எடுத்துக்கொண்டு பெரம்பலூர் அரசு மருத்துவமனைக்கோ, 2022இல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ உடன் செல்லுங்கள். வெட்கம் நோயாளிக்குரியதன்று, நோயை மறைக்கச் சொல்லும் சமுதாயத்துக்கே உரியது.