பொங்கலுக்கு பெயிண்ட் அடிக்கப் போறீங்களா? சுவரைச் சுரண்டும் முன் இந்த 3 விஷயத்தைக் கவனிங்க!

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தமிழ்நாட்டு வீடுகளில் மராமத்து வேலை தொடங்கிவிடும். ஓதம் காத்த சுவரைச் சுரண்டணும், பட்டி பார்க்கணும், ஜன்னலுக்கு பெயிண்ட் அடிக்கணும், உடைந்த ஷீட்டை மாத்தணும். எல்லாம் பொங்கலுக்குள் முடியணும்.

இந்த அவசரத்தில் கிளம்பும் தூசியில் மூன்று ஆபத்துகள் இருக்கலாம்: ஆஸ்பெஸ்டாஸ், ஈயம், பூஞ்சை.

இவற்றில் ஆஸ்பெஸ்டாஸும் பழைய பெயிண்டில் உள்ள ஈயமும், நல்ல நிலையில் தொடாமல் இருக்கும்வரை பெரும்பாலும் அடங்கிக் கிடப்பவை. உடைத்தால், தேய்த்தால்தான் பிரச்னை. பூஞ்சை அப்படியல்ல. விட்டுவைத்தால் பரவும்.

1. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்

இது என்ன?

கல்நார் என்று தமிழில் சொல்லப்படும் இயற்கைக் கனிமம்தான் ஆஸ்பெஸ்டாஸ். கூரைக்குப் போடும் பழைய சிமெண்ட் ஷீட்டுகளில் பொதுவாக 10 சதவீதத்தை ஒட்டிய அளவில் இந்த நார் கலந்திருக்கும். மற்றதெல்லாம் பெரும்பாலும் சிமெண்ட்.

ஷீட் உடையும்போது வெளிவரும் நார்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியவை. மூச்சில் போனால் நுரையீரலிலேயே தங்கிவிடும். நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா புற்றுநோய், நுரையீரல் தழும்பேறும் ஆஸ்பெஸ்டோசிஸ் ஆகியவற்றுக்கு இது காரணமாகிறது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதே உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு.

நோய் தெரிய 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். அதனால்தான், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவுகளைக் குறைந்தது 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என 1995-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

60-க்கும் மேற்பட்ட நாடுகள் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டன. இந்தியாவில் ஷீட் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் முழுத் தடை இல்லை.

"ஷீட் வீட்டில்தான் தூங்குறோம், ஆபத்தா?"

விரிசல், உடைசல் இல்லாத ஷீட்டின் கீழே இருப்பதால் வரும் ஆபத்து குறைவு. பயந்துபோய் நீங்களே கழற்ற ஏறுவதுதான் பெரிய ஆபத்து. வெயிலிலும் மழையிலும் பல வருஷம் கிடந்து மேற்பரப்பு பொரிந்துபோன ஷீட் என்றால், மாற்றுவதற்குத் திட்டமிடுங்கள்.

செய்யக் கூடாதவை

- ஷீட்டில் டிரில் போடாதீர்கள். டிஷ் ஆன்டெனாவுக்காகவும் வேண்டாம்.
- கட்டிங் மெஷினால் அறுக்க வேண்டாம். அதிகத் தூசி கிளம்புவது இதில்தான்.
- பாசி போக பிரஷ்ஷால் தேய்ப்பது, பிரஷர் வாட்டர் அடிப்பது கூடாது.
- உடைந்த துண்டுகளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள்.
- ஷீட் மேல் கால் வைத்து ஏறாதீர்கள். உடைந்து விழுந்து உயிர்போகும் விபத்துகளும் நடக்கின்றன.

மாற்றியே ஆகணும்னா?

பழக்கமுள்ள ஆட்களை வைத்துச் செய்யுங்கள். முதலில் ஷீட்டைத் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். மேலிருந்து தூக்கிப் போடக் கூடாது. துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் இரண்டும் பயன்படாது. குறைந்தபட்சம் முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்95 வேண்டும். பி3 வகை வடிகட்டி உள்ள மாஸ்க் இன்னும் நல்லது. வேலைக்குப் போட்ட துணியை மற்ற துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

துண்டுகளை நனைத்து, கெட்டியான பிளாஸ்டிக் பையில் இரண்டு அடுக்காகக் கட்டுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று உங்கள் மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். ஏரிக்கரை, காலி மனையில் கொட்டினால் அங்கே விளையாடும் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து.

புதிதாக வாங்கும்போது 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று கேட்டு வாங்கலாம். போட்ட ஷீட் எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தெரியாத வரை, இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

2. பழைய பெயிண்டில் ஈயம்

வீட்டு உபயோக பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் அதிகமாக இருந்திருக்கலாம். குறிப்பாக ஜன்னல் கம்பி, கதவு, கேட்டுக்கு அடித்த மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல் பெயிண்டுகளைக் கவனிக்க வேண்டும். சுவருக்கு அடித்த வெறும் சுண்ணாம்பில் இந்தப் பிரச்னை இல்லை.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தில், பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு வரை சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சும். கற்கும் திறன், கவனம், நடத்தை எல்லாம் பாதிக்கப்படும், ரத்தசோகையும் வரலாம். இந்தியாவில் சுமார் 27.5 கோடி குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கவலைக்குரிய அளவில் இருப்பதாக 2020-ல் யுனிசெஃப் அறிக்கை மதிப்பிட்டது. பெயிண்ட், பழைய பேட்டரி உடைக்கும் இடங்கள், கலப்பட மசாலா எனப் பல வழிகளில் ஈயம் உடலுக்குள் போகிறது.

பெயிண்டரிடம் என்ன சொல்லணும்?

- "காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, தண்ணி தெளிச்சுத் தேய்ங்க."
- "பழைய பெயிண்டை நெருப்புக் காட்டி உரிக்காதீங்க." புகையிலேயே ஈயம் வரும்.
- கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, உதிர்வதை அதிலேயே சுருட்டி எடுக்க வேண்டும்.
- வேலை முடிந்ததும் பெருக்காமல், ஈரத்துணியால் இரண்டு முறை துடைக்க வேண்டும்.
- அதுவரை கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த அறைக்கு வர வேண்டாம்.

பெயிண்ட் உரியாமல் நன்றாக இருந்தால், சுரண்டாமல் அதன் மேலேயே புது பெயிண்ட் அடிப்பது பாதுகாப்பானது. புது டப்பாவில் ஈய அளவு பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

போகி கவனம்: பெயிண்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல் சட்டங்களைப் போகித் தீயில் போடாதீர்கள். ஈயம் புகையிலும் சாம்பலிலும் தங்கும். ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகளையும் போட வேண்டாம். சூட்டில் வெடித்துச் சிதறும்.

ஈயச் சொம்பு ரசம்? உண்மையான ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. பெயிண்டில் இருப்பது காரீயம். இரண்டும் வேறு உலோகங்கள். ஆனால், மலிவாகக் கிடைக்கும் சொம்பில் காரீயம் கலந்திருந்தால், புளி சேர்த்த ரசத்தில் அது கரையும். நம்பகமான இடத்தில் வாங்கியது இல்லை என்றால் சமைக்காதீர்கள்.

3. பூஞ்சை

சுவரில் கறுப்பாக, பச்சையாகப் புள்ளி, அறையில் மக்கிய வாடை. பூஞ்சைக்கு இதுதான் அடையாளம். ஆஸ்துமா, சைனஸ், அலர்ஜி உள்ளவர்களுக்கு இருமலும் மூச்சிரைப்பும் கூடும். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்குத் தொற்றும் வரலாம்.

அதன் மேலேயே பெயிண்ட் அடித்தால் போய்விடுமா? போகாது, சீக்கிரமே பெயிண்ட் உரிந்துவிடும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பிடிக்க வேண்டும்: மாடிக் கசிவா, பைப் உடைசலா, தரையிலிருந்து ஏறும் ஓதமா?

ஒரு எளிய சோதனை: பாலித்தீன் துண்டைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரிரு நாள் விடுங்கள். உள்பக்கம் ஈரம் கோத்தால், சுவரிலிருந்து தண்ணீர் வருகிறது. வெளிப்பக்கம் ஈரமானால், அறையில் காற்றோட்டம் போதவில்லை.

சுத்தம் செய்வது எப்படி?

- 3 அடிக்கு 3 அடி வரை என்றால் நீங்களே செய்யலாம். அதைவிடப் பெரிது என்றால் ஆள் வையுங்கள்.
- மாஸ்க், கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.
- சோப்புத் தண்ணீரால் தேய்த்து, நன்றாகக் காய விடுங்கள். அடியில் பழைய எனாமல் பெயிண்ட் இருந்தால், மேலே சொன்ன ஈய எச்சரிக்கையும் பொருந்தும்.
- பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிடையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் விஷவாயு வெளிவரும்.
- வெள்ளத்தில் நனைந்த மெத்தை, தலையணையைத் தூக்கிப் போடுவதே நல்லது. மற்ற பொருட்களை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய வைத்துவிட்டால் பூஞ்சை பிடிக்காது.

எல்லாத்துக்கும் பணம் இல்லை, எதை முதலில் செய்யணும்?

முதலில், நீர்க்கசிவை அடையுங்கள். அடுத்து, குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் பெயிண்ட் உரிந்திருந்தால் அதைச் சரிசெய்யுங்கள். உடையாத ஷீட் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உடைந்திருந்தால் அதையும் தள்ளிப்போடக் கூடாது.

குழந்தை பெயிண்ட் துணுக்கைத் தின்றிருந்தால் டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கக் கேளுங்கள். ஷீட் வேலை பார்த்தவருக்கு விடாத இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால், எத்தனை வருஷத்துக்கு முன் செய்த வேலையாக இருந்தாலும் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.