பாரிஸ் மாநகரில் ஒரு தனிவழி

பிரெஞ்சு மொழி அறியாத ஒருவன் பாரிஸ் மாநகரிலே தன்னந்தனியனாக வந்து இறங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு அங்கே உற்றார் இல்லை. உடன் வருவாரும் இல்லை. ஆயினும் அன்று மாலைக்குள் நோத்ர்தாம் தேவாலயத்தைக் கண்டுவிடுகிறான். லூவர் மாளிகையில் ஓவியங்களைப் பார்த்துவிடுகிறான். இருட்டிய பின்னர்த் தன் விடுதிக்கு வழி தவறாமல் திரும்பியும் விடுகிறான். இதில் என்ன புதுமை என்று நீங்கள் வினவலாம். இவ்வாறு ஓர் அந்நியன் துணையின்றி உலாவுவதற்கு வேண்டிய ஏற்பாடுகள் அமைவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அவ்வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பாரிஸின் வீதிகள் குறுகியவை, சேறு நிறைந்தவை, இரவிலே காரிருள் சூழ்ந்தவை. வெளியே போகவேண்டியவன் கூலி கொடுத்து விளக்கேந்தி ஒருவனை அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. இத்தகையோரை வாடகைக்கு அமர்த்தும் தனியுரிமை 1662 இல் ஒருவருக்கு வழங்கப்பட்டது. 1667 இல் பதினான்காம் லூயி மன்னன் லா ரெனி என்பவரை நகரக் காவலின் தலைவராக நியமித்தான். அவர் வீதிகளின் குறுக்கே கயிறு கட்டி, மெழுகுதிரி எரியும் கண்ணாடி விளக்குகளைத் தொங்கவிடச் செய்தார். கள்வரை அடக்குவதே அவர் நோக்கம். ஆனால் அவ்வொளி வழிப்போக்கனுக்கும் பயன்பட்டது.

அடுத்த தேவை பெயர். வீதிகளுக்குப் பெயர்கள் இருந்தனவெனினும் அவை எழுதி வைக்கப்படவில்லை. அயலவர் வாயிலே வழங்கிய பெயரை அந்நியன் எங்ஙனம் அறிவான்? 1728 இல் பிறந்த ஓர் ஆணை, ஒவ்வொரு வீதியின் முதல் வீட்டிலும் இறுதி வீட்டிலும் பெயர் பொறித்த தகடு இருத்தல் வேண்டும் என்று விதித்தது. 1781 இல் ஓடியோன் நாடக அரங்கை நோக்கிச் செல்லும் வீதியிலே இருபுறமும் நடைபாதை அமைக்கப்பட்டது. அதுகாறும் நடந்து செல்வோர் வண்டிச் சில்லுகளுக்கு அஞ்சிச் சுவரோடு ஒட்டிக்கொண்டனர்.

வீட்டிலக்கத்தின் கதை இன்னும் சுவையானது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் வரி அறவிடுவதற்காகப் பகுதி பகுதியாக இலக்கமிட்டனர். நீண்ட வீதியொன்று பல பகுதிகளூடாகச் சென்றால், ஒரே இலக்கம் அவ்வீதியிலே பலமுறை வந்தது! நெப்போலியன் ஆட்சியில், 1805 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், இக்குழப்பத்துக்கு முடிவு பிறந்தது. சேன் நதியே அளவுகோலாயிற்று. நதிக்கு இணையாகச் செல்லும் வீதிகளில் இலக்கங்கள் நீரோட்டத்தின் திசையிலே ஏறும். நதியிலிருந்து விலகிச் செல்லும் வீதிகளில் ஒன்று என்னும் இலக்கம் நதிப்பக்கத்திலே தொடங்கும். இலக்கம் ஏறும் திசையை நோக்கி நின்றால் இடப்புறம் ஒற்றை, வலப்புறம் இரட்டை. ஆகவே வழி தவறியவன் இத்தகைய வீதியிலே இலக்கங்கள் குறையும் திசையில் நடந்தால், ஒருவரையும் கேளாமல் நதியின் பக்கம் சேரலாம்.

இனி வழிகாட்டி நூல். கொப்லென்ஸ் நகரத்துப் புத்தக வியாபாரி கார்ல் பேடெக்கர், கூலி வழிகாட்டிகளின் பிடியிலிருந்து பயணியை விடுவிப்பதே தம் நூல்களின் நோக்கம் என்றார். விடுதியின் விலை, பார்க்கும் நேரம், கொடுக்கவேண்டிய சன்மானம் ஆகியவற்றையெல்லாம் எழுதினார். சிறந்த இடங்களுக்கு நட்சத்திரக் குறியிட்டார். பாரிஸ் பற்றிய அவரது நூல் 1855 இல் வெளிவந்தது. கையிலே அந்நூல் இருந்தால், ஏமாற்றுபவனுக்கு மறுமொழி சொல்லும் துணிவு பிறந்தது.

ஆனால் இவ்வுரிமை எல்லார்க்கும் ஒருசேரக் கிட்டவில்லை என்பதை மறத்தலாகாது. 1831 இலே நாட்டுப்புறத்திலிருந்து பாரிஸுக்கு வந்த இளம்பெண் ஒருத்தி, பின்னாளில் ஜோர்ஜ் சாண்ட் என்ற பெயரிலே புகழ்பெற்ற எழுத்தாளர், மெல்லிய காலணியோடும் நீண்ட பாவாடையோடும் அச்சேற்று வீதிகளிலே நடக்க இயலாது தவித்தார். ஆடவர் உடையும் இரும்புக் குதி பொருத்திய சப்பாத்தும் அணிந்த பின்னரே நகரின் எத்திசையிலும் எந்நேரத்திலும் எவர் கண்ணிலும் படாமல் நடக்க முடிந்தது என்று தம் வரலாற்றிலே குறிப்பிடுகிறார். பொலிசாரின் அனுமதியின்றிப் பெண்கள் ஆடவர் உடை அணிதல் 1800 ஆம் ஆண்டின் ஆணைப்படி குற்றமாகும். அவ்வாணை வழக்கொழிந்து நெடுங்காலமாயினும், அது செல்லாது என்று அரசு வெளிப்படையாகக் கூறியது 2013 இலேதான். விளக்கும் தகடும் இலக்கமும் எல்லார்க்கும் பொதுவாயிருந்தும், வீதி மட்டும் எல்லார்க்கும் பொதுவாக இருக்கவில்லை.

1900 ஆம் ஆண்டு ஜூலை 19 ஆந் தேதி நிலக்கீழ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இன்று கைத்தொலைபேசியே வழி சொல்கிறது. எனினும் பாரிஸின் மூலைச் சுவர்களிலே நீலத் தகட்டில் வெள்ளெழுத்தாக வீதிப்பெயர்கள் இன்றும் விளங்குகின்றன. காவலருக்காகவும் வரி அறவிடுவோருக்காகவும் தொடங்கிய ஏற்பாடுகள், முகமறியாத அந்நியனுக்கு நகரம் செய்யும் உபசாரமாக மாறிவிட்டன. எந்தப் பெருநகரின் நாகரிகத்தையும் அதன் கோபுரங்களைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. தனியே வந்த ஒருவர், ஆணாயினும் பெண்ணாயினும், அச்சமின்றி அங்கே நடந்து, இரவிலே நலமாகத் திரும்ப முடிகிறதா என்றும் கேட்டல் வேண்டும்.