வன்னியும் இறையியற் கல்வியும்

குருமாரை உருவாக்கும் கல்வியின் நோக்கம் யாது? மறைநூலைத் துறைபோகக் கற்ற அறிஞரைத் தோற்றுவிப்பதா, அன்றி ஊரவரின் நன்மை தீமைகளில் உடனிருந்து அவர்தம் மொழியிற் பேசும் தொண்டரைத் தோற்றுவிப்பதா? ஈழநாட்டில் இவ்வினா மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக எழுந்துகொண்டே இருக்கின்றது. இதற்கு விடை காணப் புகுவோர் யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் மட்டுமன்றி, வன்னிப் பெருநிலத்தையும் நோக்குதல் வேண்டும்.

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்டது. கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போர்க்கு மரண தண்டனை என அவ்வாண்டிலேயே கட்டளை பிறந்தது. ஒல்லாந்தரின் கைக்கு எளிதில் எட்டாதிருந்த வன்னிக் காடு அஞ்சியோர்க்குப் புகலிடமாயிற்று. மாந்தையிலிருந்த கத்தோலிக்கர் தம் மாதா திருவுருவத்தைச் சுமந்துகொண்டு காட்டினுட் சென்று மடுவில் நிலைகொண்டனர் என்பது வழிவழியாக வரும் வரலாறு.

ஒல்லாந்தர் கல்வியைப் புறக்கணித்தவர் அல்லர். சுதேச போதகரையும் பள்ளியாசிரியரையும் பயிற்றும் பொருட்டு 1690இல் நல்லூரிலும், 1696இல் கொழும்பிலும் குருமடங்களை நிறுவினர். கொழும்புக் குருமடத்திற் பயின்ற பிலிப்பு தெ மெல்லோ தமிழிலும் வல்லவர். அவர் பெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சேறியது. ஆயின் அக்கல்வி அரசின் நிழலில் நின்றது. ஞானஸ்நானப் பதிவைப் பள்ளித் தோம்பிலே காத்தவர் பள்ளியாசிரியர். அப்பதிவு இல்லார்க்கு விவாகமும் முதுசமும் உத்தியோகமும் அரிதாயின. ஆகவே, பகலிற் கோயிலுக்குச் சென்று பெயர் கொடுத்தோர் பலர், இரவில் தம் முன்னோர் வழிபாட்டையே போற்றினர். 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கவே, தோம்பிலிருந்த பெருந்தொகையும் விரைவிற் கரைந்தது.

காட்டிலோ வேறொரு பள்ளி நடந்தது. அதற்குக் கட்டடமில்லை; மானியமுமில்லை. 1687இல் கோவாவிலிருந்து ஏழைத் தொழிலாளி வேடத்தில் வந்த யோசேவ் வாஸ் அடிகளாரும், அவர் பின் வந்த துறவியரும் மறைந்தும் நடந்தும் ஊர்தோறும் சென்றனர். சில குருமார் பெருநிலம் முழுவதையும் காத்தல் இயலாது. எனவே மூப்பர், அண்ணாவி முதலான பொதுநிலையினரைப் பயிற்றி ஊர்களை அவர் பொறுப்பில் விட்டனர். செபங்களை மனனஞ் செய்வித்தல், சிறுவர்க்கு ஞானோபதேசம் கற்பித்தல், இறக்குந் தறுவாயிலுள்ளோர் அருகிருந்து செபித்தல், குரு வாராதவிடத்து இறந்தோரை அடக்கஞ் செய்தல் ஆகியன அவர்தம் கடமைகள். பூசைக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் குருவின் வரவையே காத்திருந்தனர்.

இதனால் கல்லாமையே மேலென்று கொள்ளலாகாது. 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் கோவாவில் முறையாகக் கற்றவர். தமிழும் சிங்களமும் பயின்று இருமொழியிலும் நூல்கள் யாத்தவர். அவர் இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் ஊர்க் கோயில்களில் வாசிக்கப்பட்டு வந்தது. குருவில்லாத ஊரில் குருவின் குரலாக நின்றது அந்நூலே. கற்றவர் எழுதாதிருப்பின் அண்ணாவி எதனை வாசித்திருப்பார்? ஆதலின் வேறுபாடு கல்விக்கும் கல்லாமைக்கும் இடையிலன்று. கல்வி எவர் பக்கம் முகம் வைத்திருந்தது என்பதிலேயே உள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே வினா வட்டுக்கோட்டையில் மீண்டும் தோன்றிற்று. அமெரிக்க மிஷனார் 1823இல் நிறுவிய செமினரி, டானியல் பூர் தலைமையில் மறைக்கல்வியோடு கணிதமும் வானியலும் தமிழும் ஆங்கிலமும் போதித்தது. சுதேச போதகரை உருவாக்குதலே அதன் முதல் நோக்கம். ஆனால் ஆங்கிலங் கற்றோரிற் பலரை அரசாங்க உத்தியோகம் ஈர்த்துக்கொண்டது. நோக்கம் தவறியதென மிஷன் தலைமை கருதியமையால் 1855இல் செமினரி மூடப்பட்டது. எனினும் அங்குக் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னாளில் பழந்தமிழ் ஏடுகளை அச்சேற்றி அழியாது காத்தார். சபைக்கு இழப்பாகத் தோன்றியது தமிழுக்குப் பேறாயிற்று.

1963இல் பிலிமத்தலாவையில் இலங்கை இறையியற் கல்லூரி தொடங்கப்பெற்றது. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்த சபையினர் கூடி, வருங்காலப் போதகர்க்குச் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்க முற்பட்டனர். பிறமொழியிற் கற்றதை ஊர்மொழியிற் பெயர்த்துரைக்கும் இடர்ப்பாட்டை நீக்கக் கருதிய முயற்சி அது. காட்டூர் அண்ணாவி அறிந்திருந்த உண்மையைக் கல்லூரியும் ஏற்றுக்கொண்டது எனலாம்.

எந்தக் கல்விக்கும் இறுதித் தேர்வு வகுப்பறைக்கு வெளியே நடைபெறுகின்றது. 2009ஆம் ஆண்டில், போரின் இறுதி மாதங்களில், வன்னி மக்கள் ஊரூராகப் பெயர்ந்து முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒடுங்கியபோது, குருமாரும் துறவியரும் சிலர் அவர்களோடு தங்கியிருந்தனர். பதுங்குகுழியிற் செபித்தனர், இறந்தோரைப் புதைத்தனர். அவர்களுள் மீண்டு வாராதோரும் உளர். 2015 ஜனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் யோசேவ் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்து, அன்றே மடுவுக்கும் சென்றார். ஏழை வேடத்தில் வந்த துறவி மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் கற்பித்த பாடம் ஒன்றே: மக்களை விட்டு நீங்காதிருத்தல். குருமடங்கள் எத்துணை நூல்களைக் கற்பிப்பினும், இப்பாடத்தைக் கற்பியாவிடின் அவற்றின் கல்வி நிறைவுறாது.